காற்றுக்குப் பயந்த கொட்டகை

தை மாதத்தில் இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. மூன்றாவது, மாசி முதல் வாரத்தில் இருமத் தொடங்கியது.

சாலோமி விடிந்ததும் பால் புட்டியோடு கொட்டகைக்குப் போனாள். நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் தரை வரை இழுத்துக் கட்டி, மூலைகளில் கல் வைத்து, சந்து தெரிந்த இடங்களிலெல்லாம் சாக்கைத் திணித்து வைத்திருந்தாள். உள்ளே பன்னிரண்டு கன்னி இன ஆடுகள். கறுத்த உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுமாக ஒன்றை ஒன்று உரசி நின்றன. ஓரத்தில் அந்தக் குட்டி முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது.

பின்னாலேயே வந்த புருஷன் ஜாஸ்பர் வாசலில் நின்றுகொண்டான்.

"சனிக்கிழமை ஆட்டு யாவாரி பலவேசம் அண்ணாச்சிய வரச் சொல்லிருக்கேன். எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்திவிட்டுட்டு திருப்பூருக்குப் போயிருவோம். மச்சான் நம்ம ரெண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில வேலை சொல்லி வச்சிருக்கான்."

"குட்டி பிழைச்சிட்டா?"

"மொதல்ல பிழைக்கட்டும்."

அவன் போய்விட்டான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஜாஸ்பர் அமைதியாகச் சொல்வதெல்லாம் மனசுக்குள் முடிவெடுத்தபின் சொல்வது.

மாஞ்சோலை மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். எப்போது எழ வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்த வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தது. கடைசியில் தோட்டத்தை மூடியபோது மலையை விட்டு இறங்க வேண்டும் என்பதும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்துக்கு இந்தப்பக்கம், கால்வாய்க் கரையோரம் இந்த இடத்தைக் குத்தகைக்குப் பிடித்து ஆடு வளர்க்கலாம் என்று சொன்னது மட்டும்தான் அவளாக எடுத்த முதல் தீர்மானம். அது தன் முதல் தீர்மானம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சின்னப் பேச்சாகத் தெரியும். திருப்பூரில் கம்பெனி மணி அடிக்கும். அவள் எழுந்து ஓடுவாள். அவ்வளவுதான்.

பால் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது இசக்கித்தாய் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வரப்பில் வந்தாள். பிசானப் பருவ நெல்லை இயந்திரம் அறுத்துப் போன வயல்களில், எருவுக்காக ராத்திரி ஆடுகளை நிறுத்திக் கிடை போடுகிறவள்.

"ஏட்டி சாலோமி, நீ ஆடு வளக்கியா, இல்ல கோழி அடை வைக்கியா? இப்பிடிப் பொத்தி வச்சிருக்க!"

"ஒங்களுக்கென்னக்கா, ஒங்க ஆட்டுக்குத் தோலு தடிச்சிருக்கு."

"எனக்குந்தான் தடிச்சிருக்கு. வெட்டவெளியிலதான கிடக்கோம், நானும் எம் புருசனும் ஆடும். பனியில நனைஞ்சி எந்திரிச்சி, உதறிட்டுப் போவோம்."

சிரித்தபடியே போய்விட்டாள். பெருமை பீத்துகிறாள் என்றுதான் சாலோமிக்குத் தோன்றியது. காற்று என்றால் என்னவென்று இவளுக்குத் தெரியாது. மலையில் ஆடி மாதத்து மழைக்காற்று நின்ற மாட்டைக்கூடப் படுக்க வைத்துவிடும். அங்கே அவள் வளர்த்த இரண்டு ஆடுகளையும் பலகை அடித்த அறையில், பொட்டுக் காற்று நுழையாமல் வைத்துத்தான் காப்பாற்றினாள். கை பழகிவிட்டது. இங்கே முதல் மார்கழியில் பனி இறங்கிய உடனே போய் வாங்கி வந்தது தார்ப்பாய்தான்.

மறுநாள் காலை குட்டியின் தலையை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது கண்ணீர் வழிந்தது. அது புதிதில்லை. இரண்டு மாதமாகக் கொட்டகைக்குள் வந்தாலே அழுகை வந்துவிடும். மாஞ்சோலையை நினைத்துத்தான் அழுகிறோம் என்று நினைத்திருந்தாள். ஜாஸ்பர் பார்க்காத இடமாக அது வாய்த்ததில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. ஆனால் இன்றைக்கு அவள் மலையை நினைக்கவே இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் என்று மட்டுமே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் கண் இப்படிக் கொட்டுகிறது?

புட்டியைக் கழுவ வெளியே போனாள். கழுவி முடிப்பதற்குள் கண் காய்ந்துவிட்டது. திரும்ப உள்ளே வந்தாள். மறுபடியும் எரிந்தது. வெளியே போனாள், வந்தாள். பார்ப்பவர்கள் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் தரையில் கையை ஊன்றி, குட்டி படுத்திருக்கும் உயரத்துக்கு முகத்தைத் தாழ்த்தினாள். மூச்சு இழுத்ததும் நெஞ்சு அடைத்து இருமல் பீறிட்டது. மூத்திரம் ஊறிய மண்ணின் நெடி. நிற்கிறவள் கண்ணைக் கரிக்கும் காற்று, படுத்திருக்கும் குட்டிக்கு மூச்சாக இருந்திருக்கிறது. மலையில் இரண்டே ஆடு, பலகைத் தரை, மூத்திரம் கீழே ஒழுகிப் போய்விடும். இங்கே பன்னிரண்டு ஆடு, மண் தரை.

முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் நான் அழவே இல்லையா? அடுத்த நொடியே செத்துப்போன இரண்டு குட்டிகளும் நினைவுக்கு வந்தன. பனிக்குச் சாகவில்லை அவை. அவள் பொத்திப் பொத்தி வைத்ததில் செத்தவை. ஒவ்வொரு சாக்குத் துண்டையும் எவ்வளவு பிரியமாகத் திணித்தாள்! அந்தப் பிரியத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு அரிவாளை எடுத்து வந்து தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தாள். இருமுகிற குட்டியைப் பனியில் போடுவது சரி என்று மூக்கு சொன்னது. உடம்பு முழுக்க வேண்டாம் என்றது.

சத்தம் கேட்டு ஜாஸ்பர் ஓடி வந்தான்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? இருக்கிற ஒண்ணையும் கொல்லப் போறியா?"

"இங்கன குனிஞ்சி மூச்சு இழுத்துப் பாருங்க."

"என்னத்துக்கு?"

"பாருங்கன்னா பாருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்தவன் துள்ளி எழுந்து இருமினான். கண் சிவந்துவிட்டது.

"சவம்! இதுக்குள்ளயா நீ தினமும் உக்காந்துக்கிட்டு இருக்க?"

மண்வெட்டியை எடுத்து வந்து ஈரமண்ணை வெட்டி அள்ளினான். இருவருமாகக் காய்ந்த மணலைக் கொட்டிப் பரப்பி, மேலே சுண்ணாம்பு தூவினார்கள். அடுத்த நாள் காலை குட்டியின் முதுகு மயிரில் பனித்துளி கோத்திருந்தது. சாலோமி முந்தானையால் துடைக்கப் போனாள். அதற்குள் அது உடம்பைச் சிலிர்த்து உதறிக்கொண்டது. இருமல் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையும் நிற்கவில்லை. ஆனால் புட்டியைத் தேடி அதுவாக எழுந்து வந்தது.

சனிக்கிழமை வெயில் ஏறும்போது பலவேசம் வண்டியோடு வந்து இறங்கினார். ஆடுகளின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். குட்டியிடம் வந்தபோது அது சரியாக அந்த நேரம் பார்த்து இருமியது.

"இது தேறாது வே. துட்டு இல்லாம சும்மா கூட ஏத்திவிட்டிரும்."

ஜாஸ்பர் சாலோமியைப் பார்த்தான். குட்டி பிழைக்குமா என்று அவளுக்கே தெரியாது. இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் தெரிந்துவிடும். ஆனால் கேள்வி இன்றைக்கு வந்து நிற்கிறது. தெரிந்துகொண்டு சொல்வதற்குப் பெயர் தீர்மானம் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"விக்கல அண்ணாச்சி," என்றாள்.

"எதை? குட்டியையா?"

"ஒண்ணையும் விக்கல."

பலவேசம் ஜாஸ்பர் பக்கம் திரும்பினார். "என்ன வே இது?"

ஜாஸ்பர் தலையைச் சொறிந்தான். "அதான் சொல்லுதால்லா."

"அவ சொல்லுதது காதுல விழுந்துட்டு. நீரு என்ன சொல்லுதீரு?"

"நானும் அதைத்தான்..." என்று இழுத்தவன், "ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று முடித்தான்.

"டீக்கா வே வண்டி பிடிச்சி வந்தேன்? அடுத்த வாட்டி ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுக் கூப்பிடும்." அவர் திட்டிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

வண்டி போன தூசி அடங்கியது. ஜாஸ்பர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து மேற்கே பார்த்தான்.

"சாயங்கால வெயில் இந்தப் பக்கம் நேரா அடிக்கும். பங்குனிக்குள்ள ஒரு ஓலைத் தட்டி கெட்டணும்."

"கெட்டலாம்," என்றாள் சாலோமி. "பாதி உயரத்துக்குத்தான்."