இருபத்தேழாம் திகதி

"மாமா, அம்மாவுக்கு இப்ப நாளைக்கா?"

விசாரணை அறைக்கு வெளியே, நிலத்தில் கால் எட்டாத நாற்காலியில் இருந்தபடி தக்ஷினி அப்படிக் கேட்டபோது அருமைநாதனுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வயதுப் பிள்ளை. தாய் இன்னும் மட்டக்களப்பில். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மொன்றியலில் 2001 மார்ச் தொடக்கத்து மதியம், ஒன்றரை மணி. "ஓம் பிள்ளை. அங்க சாமம் பன்னிரண்டு தாண்டிட்டுது. அம்மாவுக்கு நாளைக்குத்தான்" என்றார்.

பிள்ளையின் தகப்பன் நகுலேஸ்வரனின் அகதிக் கோரிக்கைக்கு அன்று விசாரணை. அருமைநாதன் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குகிறதா என்று பார்க்க முன்கூட்டியே நாலு வார்த்தை பேசிக்கொள்ள அனுமதி உண்டு. வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. அதனால் அவர் எப்போதும் பந்தாட்டத்தைப் பற்றிக் கேட்பார்.

"நம்மட மன்செஸ்ரர் யுனைற்றட்தான் அண்ணன்."

"லீக்கைப் பதினெட்டுத் தரம் வெண்டது எங்கட லிவர்பூல், தம்பி."

"அதெல்லாம் பழைய காலத்துக் கப். லீக், எப்.ஏ. கப், ஐரோப்பாக் கப் மூண்டையும் ஒரே வருசத்தில எடுத்த இங்கிலீசுக் கிளப் வேற இருக்கா? சொல்லுங்க பாப்பம்."

அருமைநாதன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். நகுலேஸ்வரன் சிரித்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவன்போலக் குனிந்து நிலத்தைப் பார்த்தான்.

காரணம் உள்ளே போனதும் தெரிந்தது. அவனது கோரிக்கை முழுவதும் ஓர் இரவில் தங்கியிருந்தது. 1999 மே இருபத்தேழு. அன்று மட்டக்களப்பு வீட்டிலிருந்து தம்பி சாம்பவனைப் படையினர் கொண்டுபோனார்கள்; பிறகு இவனைத் தேடத் தொடங்கினார்கள். திகதி எப்படி இவ்வளவு நிச்சயம் என்று, விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல இருந்த பெண்மணி கேட்டார்.

"மன்செஸ்ரர்ர பைனல் றேடியோவில போச்சு. கடைசியில ரெண்டு கோல் அடிச்சாங்க. ரெண்டாவது கோலுக்குத் தம்பி கத்தினான். அந்தச் சத்தத்தோடதான் கதவ உதைச்சாங்க."

அருமைநாதன் அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு பெண்மணி ஒரு தாளை மேசையில் வைத்தார். அந்தக் கழகம் வென்ற கிண்ணங்களும் சாதனைகளும், 1878 இல் தொடங்கியதிலிருந்து. ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தது. இறுதியாட்டம், 1999 மே இருபத்தாறு.

அருமைநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஆட்டத்தை அவர் இங்கே மொன்றியலில், லாசாலில் ஒரு சிநேகிதன் வீட்டில், யன்னலால் வெயில் விழுந்த பின்னேரத்தில் பார்த்தவர். முடிந்த கையோடு திருகோணமலைக்கு அழைத்தபோது அண்ணன் ஏசினார்: "விடியப்புறம் மூண்டு மணியாகப் போகுது, உனக்கென்ன விசரா?" ஸ்பெயினில் இருபத்தாறாம் திகதி இரவு நடந்தது இலங்கையில் இருபத்தேழு. பட்டியலிலும் பிழை இல்லை, அவனிலும் பிழை இல்லை.

ஆனால் சொன்னதைச் சொல்வதுதான் அவர் எடுத்த சத்தியம். ஒரு சொல்லை விளக்கப்போன இன்னொரு மொழிபெயர்ப்பாளருக்குப் போன வருடத்தோடு வேலை போனது. இவரோ லவாலில் கடனுக்கு வீடு வாங்கி எட்டு மாதம். அவர் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழுதான் அம்மா. அத நான் மறப்பனா?"

"அப்படியானால் இந்தப் பட்டியல் பிழையா?"

நகுலேஸ்வரன் தாளை எடுத்துப் பார்த்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொரு வரியும் அவனுக்கு மனப்பாடம். "இதில பிழை வராது" என்றான் மெதுவாக. "அப்ப... இருபத்தாறா இருக்கும்."

அருமைநாதன் அதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெண்மணி எழுதிக்கொண்டார். முடிவை அன்றே வாயால் சொன்னார். முக்கியமான திகதியையே மாற்றிச் சொல்பவர் நம்பத்தக்கவர் அல்ல. அதைத் தமிழில் சொன்னதும் அருமைநாதன்தான்.

வெளியே நகுலேஸ்வரன் அவர் கையைப் பிடித்தான். "நீங்க வடிவாச் சொன்னீங்க அண்ணன். நான்தான் குழப்பிட்டன்." தக்ஷினி தன் பைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கற் எடுத்து நீட்டினாள். வாங்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. வாயில் வைக்கவும் முடியாமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஞாயிறு பூசையில், செய்யாமல் விட்ட கடமைகளுக்காக மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை. கர்த்தருக்கு முன்னாலும் மௌனம்தானா என்று வெட்கமாக இருந்தது.

அந்தக் கிழமை நூலகத்தில் பழைய பத்திரிகையைப் பிரதியெடுத்தார். ஒரு தாளில் எழுதினார்: ஆட்டம் தொடங்கியது பார்சலோனாவில் மே 26, இரவு எட்டே முக்கால், மட்டக்களப்பில் மே 27, அதிகாலை பன்னிரண்டே முக்கால். கையெழுத்து வைக்கவில்லை. இரண்டையும் ஓர் உறையில் போட்டு, மேலே நகுலேஸ்வரனின் பெயரை எழுதினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, வழக்கறிஞரின் அலுவலகம் இருந்த தெருவுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. நடைபாதையில் கரையாத பனி. ஆள் நடமாட்டம் இல்லை. கதவில் கடிதம் போடும் துவாரத்துக்குள் உறை பாதியில் சிக்கியது. விரலால் தள்ளினார். தகட்டு மூடி விரலைக் கடித்தது. உள்ளே நிலத்தில் அது விழும் சத்தம் கேட்டது.

நொந்த விரலைக் கோட்டுப் பைக்குள் விட்டார். பிஸ்கற் தூளாகிப்போயிருந்தது. மற்றக் கையில் மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னேரம் இரண்டு மணி. மட்டக்களப்பில் திங்கள் பிறந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது.