மூன்றுக்கு அடுத்தது ஒன்று

எரேமியா வரவேண்டிய இடத்தில் எசாயா வந்து நின்றார். ஞாயிறு வழிபாட்டில் பைபிளின் முதல் வாசகத்தை வாசித்துக்கொண்டிருந்தது என் மனைவி அமலி. குரலில் ஒரு பிசிறும் இல்லை. தவறு அவளுடையதாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் கெட்ட ஆசைப்பட்டேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிளைக்கிராமக் கோயில் எங்களுடையது. பங்குச்சாமியாரால் ஞாயிறன்று எல்லா ஊருக்கும் ஓட முடியாது. "வாத்தியாரே, திருவருகைக்காலம் முதல் ஞாயிறு வழிபாட்ட நீங்களே நடத்துங்க. பிரசங்கம் நல்லா அமைஞ்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் நீங்கதான்" என்றார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. குளிக்கும்போது பிரசங்கம், பைக்கில் போகும்போது பிரசங்கம். லூக்கா நற்செய்தியில் பரீட்சை வைத்தால் எங்கள் வீட்டு மாடு தேறிவிடும். அதில் வரும் சூரியன், சந்திரன், கடலின் கொந்தளிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கையசைவு வேறு.

கோயில் வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வருபவை. போன வாரம் வரை மூன்றாம் ஆண்டு. கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு தொடங்கும் திருவருகைக்காலத்தில்தான் திருச்சபைக்குப் புத்தாண்டு. மூன்று முடிந்து மறுபடியும் ஒன்று. நானோ ஜனவரியில் காலண்டர் மாற்றுகிற ஆள்; மூன்றாம் ஆண்டு லூக்காவையே உருப்போட்டு வைத்திருந்தேன். இதில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

நற்செய்தி வாசிக்கப் புத்தகத்தைத் திறந்தால் மத்தேயு. நோவா காலத்து வெள்ளம். வயலில் இருக்கும் இருவரில் ஒருவர் எடுக்கப்படுவார், மற்றவர் விடப்படுவார், ஆகவே விழித்திருங்கள். வெளியே மழை விட்டபாடில்லை. ஊரின் சம்பாப் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. இந்த ஜனத்துக்கு வெள்ளத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? மடித்து வைத்திருந்த பிரசங்கம் சட்டைப் பையில் கனத்தது.

"ராத்திரி யாரெல்லாம் முழிச்சிருந்தீங்க?" வாயில் வந்தது அதுதான்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வரப்பு உடையாமல் காவல் இருந்த கைகள். நான் மட்டும் குரல் கெடக்கூடாதென்று மிளகுப்பால் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்திருந்தேன்.

"நான் தூங்கிட்டேங்க" என்றேன். கோயிலே சிரித்தது.

பெரியநாயகசாமி எழுந்தார். ஊர்த் தண்ணீரெல்லாம் வந்து நிற்கும் கடைசி வயல் அவருடையது. "சார், ரெண்டு பேர்ல ஒருத்தர எடுத்துக்கிட்டா, மிச்ச ஆளு தனியா எப்படித் தண்ணிய வடிப்பான்?"

"ஒங்கள எடுக்க மாட்டாங்க மாமா, பயப்படாதீங்க!" பெண்கள் பக்கமிருந்து லின்சி.

மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "விடியறதுக்கு முன்னாடியே ஒத்த ஆளா இழுத்துப் பாத்துட்டுத்தான் வர்றேன். வடிகால் பூரா ஆகாயத்தாமரை. இன்னிக்கு வடியலன்னா பயிரு அழுகிப்போயிடும் சார்."

எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவையும் துழாவிப் பார்த்தேன். "அப்ப வாங்க, சேந்து போவோம்" என்றேன். மன்றாட்டுகளைச் சுருக்கினேன், இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேட்டிகள் தொடைக்கு ஏறின. வடிகாலில் இடுப்பளவு தண்ணீர். இழுக்க இழுக்க ஆகாயத்தாமரை வந்துகொண்டே இருந்தது. என் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அமலி குடையோடு கரையில் நின்றாள்.

"என்னங்க, சாமியார் கூப்புடுறாரு! பிரசங்கம் எப்படிப் போச்சுன்னு கேக்குறாரு."

என் இரண்டு கைகளிலும் வேரும் சேறும். அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் முடியலைங்க சாமி" என்றாள் போனில். "ஜனம் கலையவே மாட்டேங்குது."

அப்போதுதான் அடைப்பு பிய்த்துக்கொண்டது. பெரியநாயகசாமி கத்தினார். தண்ணீர் எங்கள் கால்களை வாரி இழுத்துக்கொண்டு ஓடியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நின்றோம். வயலின் நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக, பச்சை நுனிகள் தெரிய ஆரம்பித்தன.