தேவியை எழுப்பிய பெட்டி

"குனியுங்க! இன்னும் குனியுங்க!"

சகுணாபாய் புருஷனின் வலது காதில் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். கொல்லைக் கல்லில் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் ஊர்ப் பெரியவர் ஹைபத்ராவ் பாட்டீல்.

"போதும்டி, மூளை வரைக்கும் போயிடுச்சு."

"அவ்வளவு தூரம் போறதுக்கு அங்க என்ன இருக்கு? எந்தக் காதுல மாட்டுனீங்க?"

"ரெண்டுலயும்தான்."

"அப்ப அடுத்ததைக் காட்டுங்க."

நடந்தது இதுதான். கோயில் இசையை ஆராய்ச்சி செய்கிற மேதா என்ற பெண், வாக்ஜாயி தேவியின் விடியற்காலை இசையைப் பதிவு செய்யப் புனேயிலிருந்து வந்திருந்தாள். உள்ளே பஜனையும் ஜால்ராவும்; மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பீவாவின் ஹல்கிப் பறை. பறை முழங்கினால்தான் தேவி கண் விழிப்பாள், கதவு திறக்கும். ஆனால் பறையடிக்கிற மாங் சாதிக்காரன் படியேறக் கூடாது. மேதா ஹெட்போனை முதலில் பீவாவுக்கு மாட்டி, அவன் அடித்ததை அவனையே கேட்கவைத்தாள். ஆசை தாங்காத பாட்டீல் அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். சகுணாபாய் பார்த்துவிட்டாள்.

பூசாரி தோண்டிபா தீர்ப்புச் சொன்னார்: "சத்தத்துக்குத் தீட்டு இல்லே. காதுக்கு உண்டு. மிஷினுக்கும் கொஞ்சம் உண்டு."

ஹெட்போனுக்கும் கோமியம் தெளித்தார். அதோடு அது வாயை மூடிக்கொண்டது. மேதா அழாத குறைதான்.

அவள் கிளம்பும்போது பீவா கேட்டான்: "நீங்க உள்ள போனீங்களே தாயி, எங்கம்மா முகம் எப்படி இருக்கும்? அவளை எழுப்பி எழுப்பியே என் தலை நரைச்சுப்போச்சு. ஒருதரம்கூடப் பார்த்ததில்லே."

"படியில நின்னு பார்த்துக்கட்டுமே" என்று மேதா பாட்டீலிடம் கெஞ்சினாள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார் காதைத் துடைத்தபடி.

பிறகு மேதா பதிவின் கேசட்டைத் தபாலில் அனுப்பினாள். பாட்டீலுக்குத் தண்ணீர் போன இடத்தில் ஒரு யோசனை முளைத்தது. சத்தத்துக்குத்தான் தீட்டு இல்லையே! திருவிழாவுக்கு முந்தின இரவு, பாட்டீல் வீட்டு ரேடியோ டேப் ரிக்கார்டருக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். பூசாரி அதைக் குழந்தை மாதிரி தூக்கிப்போய்த் தேவியின் காலடியில் வைத்தார். "இனி நீ வர வேண்டாம்" என்று பீவாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் பறை கருவறைக்குள் போய்விட்டது; அவனுக்கு வேப்பமரத்தடியும் இல்லாமல் போனது. இதையும் தர்மம் என்றார்கள்.

திருவிழா விடிந்தது. ஊரே கோயில் வாசலில் நின்றது. முந்தின பகல் முழுக்க அதே பெட்டியில் பாட்டீல் கிரிக்கெட் கேட்டிருந்ததால் பேட்டரி சாகக் கிடந்தது. பூசாரி மட்டும் கதவை ஒருக்களித்து நுழைந்து பொத்தானை அழுத்தினார். பறை இழுத்து இழுத்து, நின்று நின்று ஒலித்தது. பாடைக்கு முன்னால் அடிக்கிற அதே அடி. பழக்க தோஷத்தில் ஒரு கிழவர் தோள் கொடுக்க முன்னே வந்துவிட்டார்.

"ஐயையோ, தேவிக்கே சாவுக்கொட்டா!" என்று சகுணாபாய் அலறினாள்.

பூசாரி வெளியே பாய்ந்து கதவை அடைத்தார். சாவுக்கொட்டு கேட்ட கதவைச் சரியான அடி கேட்காமல் இனி திறக்க முடியாது. பூஜை இல்லாமல் ஊரில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

ஆளனுப்பி அழைத்ததும் பீவா வந்தான். வேப்பஞ்சருகைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அடிடா!" என்றார் பாட்டீல்.

"பெட்டி எப்படி உள்ள போச்சுங்க?"

"பூசாரி தூக்கிட்டுப் போனாரு."

"குங்குமம் வச்சு?"

"ஆமா."

"என்னைத் தூக்க வேணாம், நடந்தே வர்றேன். குங்குமம் மட்டும் போதும்."

வெயில் ஏறியது. படையலுக்குச் சுட்ட போளியில் ஈ மொய்த்தது.

"எவ்வளவு நேரம்டா இப்படியே உக்காந்திருப்பே?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்து வெளியதான் உக்காந்திருக்கோம். இன்னிக்கு நீங்களும் வெளியதானே இருக்கீங்க பாட்டீல்? வந்து உக்காருங்க, நிழல் இருக்கு."

சகுணாபாய்க்கு முழங்கால் வலி. மரத்தடியின் மறு ஓரத்தில் முதலில் உட்கார்ந்தது அவள்தான். பாட்டீல் பூசாரியைப் பார்த்தார்.

"நிழலுக்குத் தீட்டு உண்டா?"

பூசாரியின் மொட்டைத் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

"மர நிழலுக்குக் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்து பீவாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதவு மூடியே இருந்தது.