மூன்று பவுண்டு குறைவாக

...இருபத்தாறு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகாது, ஆனால் அந்தப் பெண் "எம்புட்டு பவுண்டுண்ணே?" என்று கேட்டதும் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி நான் முழிக்க, அவள் சிரித்துக்கொண்டே "செத்த நேரம் உக்காருங்க, கையில இருக்கிற பேட்ட முடிச்சுட்டு வாரேன், அதுக்குள்ள யோசிச்சு வைங்க" என்று திரும்பிக்கொண்டாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள், டேய் சூசை, இந்த வயசில் உனக்கு இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். செம்பட்டியில் ஒரு வீட்டு முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், ஷட்டில் பேட்டுக்கு நரம்பு இழுக்கிற மிஷினும் இருக்கும் என்று போன வாரம் வரை எனக்குத் தெரியாது, நரம்பை எவ்வளவு இறுக்குவது என்பதற்குப் பவுண்டுதான் கணக்கு, அனிஷாதான் கண்டுபிடித்தாள், என் மகள், பன்னிரண்டாம் வகுப்பு, நாளைக் காலையில் மதுரையில் அவளுக்கு மாநில அணித் தேர்வு, "நாகஜோதி அக்கா காலேஜ் டீம்ல ஆடுனவங்கப்பா, ஒரு பவுண்டு கூடக் கொறைய ஆகாது, எவ்வளவு இழுத்தாங்களோ அதை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருவாங்க" என்றாள், ஸ்டிக்கர் என்று கேட்டதும் வேறு ஆள் இருந்தால் பார்க்கலாமே என்று நினைத்தேன். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், அவளால் வர முடியாது, நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன், எப்போதும் நான்தான் போவேன், ஒரு வருஷத்துக்கு மேலாக நம்பிக்கையான ஆள் தேடி அப்பனும் மகளும் அலைகிறோம், திண்டுக்கல்லில் பெலிக்ஸ் சரியில்லை, வத்தலக்குண்டுக்காரர் சரியில்லை, மதுரையில் போய்க் கொடுத்தோம், அவரும் சரியில்லை, எல்லோரும் கேட்டதைவிட லூசாகத்தான் போட்டுத் தருகிறார்கள் என்று அவள் புலம்புவாள், ஆமாம்மா, எவனைத்தான் நம்புறது என்று நானும் கூடச் சேர்ந்து புலம்புவேன், மாதாவே, அத்தனை பேரிடமும் "பாப்பா இருபத்தாறுன்னுதான் சொல்லும், நீங்க இருபத்துமூணு போடுங்க" என்று சொன்னதே நான்தானே.

தொடங்கியது நல்லதற்குத்தான், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். அவள் பத்தாவது பரீட்சை முடித்த வாரம், வலது தோளைத் தூக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, என் மனைவி ஆனந்தமேரி பின்னால் உட்கார்ந்து மகளுக்குப் பின்னிவிட்டாள், வாய் ஓயாத பிள்ளை அன்றைக்குச் சத்தமே இல்லை, என்னடா என்று எட்டிப் பார்த்தால் கண்ணீர் தாடை வரைக்கும் வந்து நிற்கிறது, அதைத் துடைக்கக்கூட அந்தக் கை எழும்பவில்லை... எனக்கு அந்த நிமிஷம் போதும், இன்றைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அது கண்ணுக்கு முன்னால் வரும். மூன்று மாதம் பேட்டையே தொடக் கூடாது என்றார் டாக்டர், அதற்குப் பிறகு கோச் ராபின், "கொஞ்ச நாளைக்கு இருவத்துமூணுல ஆடட்டும் சார், இறுக்கிப் போட்டா அடிக்கிற அடியெல்லாம் தோளுக்குத்தான் ஏறும்" என்றார், ஆனால் இவள் கேட்டால்தானே, "கோர்ட்ல எல்லாரும் இருவத்தாறு, நான் மட்டும் நோயாளியாப்பா?" என்று வெஞ்சனத்தை ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், சரித்தா, இருபத்தாறே போட்டுட்டு வாரேன் என்று சொல்லிப் பெலிக்ஸ் கடைக்குப் போனேன், போய் இருபத்துமூணு என்றேன், வாசலிலேயே காத்திருந்து "எத்தனைப்பா போட்டாங்க?" என்று கேட்டாள், "நீ சொன்னதுதான்" என்றேன், எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய், பெற்ற பிள்ளையிடம் முதல் பொய்யா அது, இல்லை, ஊசி வலிக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அது மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மின்வாரியத்தில் லைன்மேன், இருபத்திரண்டு வருஷமாகக் கம்பத்தில் ஏறுகிறவன், எனக்குக் கம்பியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பியைக் கொஞ்சம் தொங்கவிட்டுத்தான் கட்டுவோம், பார்க்கிறவர்கள் இதென்ன சோம்பேறித்தனம் என்பார்கள், இறுக்கிக் கட்டினால் மார்கழிப் பனியில் இன்னும் சுருங்கிப் பட்டென்று அறுந்துவிடும், எனக்கு எதை இழுத்துக் கட்டினாலும் மனசு பதறும், அதனால்தான் மூன்று பவுண்டு என்பது ஒரு பெரிய விஷயமாகவே எனக்குத் தெரியவில்லை... கோர்ட்டில் அது பெரிய விஷயம் என்று தேனியில்தான் தெரிந்தது. நரம்பு தளர்வாக இருந்தால் காக் என்கிற அந்த இறகுப்பந்து தெறித்து நாம் நினைத்ததைவிட ஒரு சாண் கூடப் போகும், பிப்ரவரியில் தேனி ஆட்டம், மூன்றாவது செட், பத்தொன்பது இருபது, பின்கோட்டை ஒட்டி அவள் தூக்கி அடித்தாள், என்ன அழகான அடி, காக் கோட்டைத் தாண்டி நாலு விரல் தள்ளி விழுந்தது, அவள் கோட்டைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பேட்டைப் பார்த்தாள், நான் மேலே கேலரியில் மூச்சை விடாமல் உட்கார்ந்திருந்தேன், அந்த நாலு விரலும் என்னுடையது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்திருந்தது, பால்பிள்ளையாய் இருந்தபோது தூங்கிய அதே மாதிரி, எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், இருந்ததா, சத்தியமாகச் சொல், இல்லை, வத்தலக்குண்டு தாண்டும் வரைக்கும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அதுதான் உறுத்துகிறது. தேனிக்கு ஒரு மாதம் முன்னாலேயே டாக்டர் அவளுடைய கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோள் சுத்தமாக ஆறிவிட்டது, இனிமேல் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும் என்று சொல்லிவிட்டாரே, நானும் அந்த அறையில்தானே நின்றுகொண்டிருந்தேன், அங்கிருந்து நேரே கடைக்குப் போய் மறுபடியும் இருபத்துமூணு என்று சொன்ன வாய் யாருடையது. எட்டு மாதம் ஆகிறது, தோளுக்காக என்று இனி எவனிடம் சொல்ல முடியும்... அவள் தேர்வாகிவிட்டால் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு சென்னைக்குப் போய்விடுவாள், விடுதி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே, வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, கோடை லீவுக்கு ஒன்று, ஆனந்தமேரி இப்போதே பெட்டி வாங்கலாமா என்கிறாள், அவளுக்கென்ன, அவள் டீச்சர், வருஷா வருஷம் பிள்ளைகளை அனுப்பிப் பழகியவள், எனக்கு அப்படியில்லை, எனக்கு இருப்பது ஒன்று. போ மகளே, நல்லா ஆடு என்று சொல்கிற வாயாலேயே மூன்று பவுண்டைக் குறைக்கிறேன், இதைவிடக் கேவலம் பெலிக்ஸ் விஷயம், தேனியில் தோற்ற கோபத்தில் பெலிக்ஸ் கடையில் யாரும் பேட்டைக் கொடுக்காதீங்க என்று ஆடுகிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் இவள் எழுதிவிட்டாள், பாதிப் பிள்ளைகள் அந்தக் கடைப் பக்கமே போவதில்லை, தவக்காலத்தில் ஒருநாள் கோயில் வாசலில் அவன் என்னை நிறுத்தி, "சூசைண்ணே, நீங்கதான கொறச்சுப் போடச் சொன்னீங்க, பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே" என்றான், கோபமாகக்கூடக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரிக் கேட்டான், சொல்றேன் பெலிக்ஸ், கட்டாயம் சொல்றேன் என்றேன், உள்ளே போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலும் போட்டேன், கோபப்பட்டது, பொறாமைப்பட்டது, ஞாயிறு பூசைக்குப் போகாதது எல்லாம் வரிசையாக வந்தது, இது மட்டும் வரவில்லை, சாமியாருக்குப் பவுண்டு என்றால் என்ன என்று முதலில் விளக்க வேண்டும், பின்னால் நிறைய பேர் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். த்தூ, நீயெல்லாம் ஒரு ஆளா.

"இப்ப உங்களதுதாண்ணே" என்று நாகஜோதி அனிஷாவின் பேட்டை எடுத்து மிஷினில் மாட்டுகிறாள், பழைய நரம்பை நடுவிலிருந்து ஆரம்பித்துக் கத்தரிக்கிறாள், ஒவ்வொன்றும் டிக் டிக் என்று விழுகிறது, எங்கள் வீட்டுப் பிள்ளை பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன கைப்பிடி, அதை அந்தப் பெண் ஒரு கையால் எவ்வளவு பதமாகப் பிடித்திருக்கிறாள், இவளிடம் பொய் சொன்னால் எடுபடாது என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிகிறது. பேட்டின் சட்டத்தைச் சுற்றியுள்ள ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுப் புது நரம்பைக் கோத்தாள், மிஷினில் எண் வைக்கிற இடத்துக்கு விரல் போயிற்று, "சொல்லுங்கண்ணே", சொல்லிவிடு சூசை, போகிற பிள்ளையை இழுத்துப் பிடிக்காதே, போனால் என்ன, நல்லா இருக்கட்டும், "இருபத்தாறும்மா" என்றேன், சொன்னதும் கம்பத்திலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது. அவள் விரல் அப்படியே நின்றது. "இருவத்தாறா?" என்றாள், "என்னண்ணே, நீங்க இருவத்துமூணுன்னுல்ல சொல்லுவீங்கன்னு பாப்பா சொல்லுச்சு", சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள், "அய்யய்யோ, சொல்லிராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே".

என்ன சொன்னாள் என் பிள்ளை, எப்போது சொன்னாள், நாகஜோதிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "நேத்துச் சாயங்காலம் போன் பண்ணுச்சுண்ணே, அப்பா இருவத்துமூணு கேப்பாரு, அதையே போட்டுருங்கக்கா, ஸ்டிக்கர்ல மட்டும் இருவத்தாறுன்னு எழுதிருங்கன்னுச்சு, நான் இல்லாததெல்லாம் எழுத மாட்டேன்த்தா, வேணும்னா ஸ்டிக்கரே ஒட்டாம விட்டுர்றேன்னேன்". எப்படியம்மா தெரியும் அவளுக்கு என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, "பேட்டத் தட்டுனா சத்தத்தை வச்சு அளவு காட்டுற ஆப் இருக்குல்லண்ணே, எந்தக் கடையில குடுத்தாலும் கரெக்டா மூணு பவுண்டு கம்மியாக் காட்டிருக்கு, தப்புன்னா ஆளுக்கு ஒரு மாதிரில்ல பண்ணுவாங்க, எல்லாரும் ஒண்ணுபோலயா பண்ணுவாங்க? ஈஸ்டர் முடிஞ்ச வாரமே பெலிக்ஸ் அண்ணன் கடைக்குப் போயி அழுது மன்னிப்புக் கேட்டுட்டு வந்துச்சாம், தப்பு எம்மேலதான்னு குரூப்லயும் போட்டுருச்சாம்". என்னிடம் கேட்டிருக்கலாமே, திட்டியிருக்கலாமே, பேட்டைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்றேன், "நானும் அதைத்தாண்ணே கேட்டேன், கேட்டா அப்பா மூஞ்சி வாடிப்போயிரும்க்காங்குது, அதும்போக இருவத்துமூணுலயே கை பழகிருச்சாம், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயே குறி வச்சு அடிக்குதாம், நாளைக்கு ஆட்டத்த வச்சுக்கிட்டு இன்னைக்கு மாத்துறதும் சரியில்லண்ணே, நீங்கதான் சொல்லணும், என்ன போட?"

ஈஸ்டரிலிருந்து எத்தனை மாதம், ஏப்ரல், மே... அத்தனை தடவையும் வாசலில் நின்று "எத்தனைப்பா போட்டாங்க?" என்று கேட்டாளே, நான் "நீ சொன்னதுதான்" என்றதும் ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பேட்டை வாங்கிக்கொண்டு போனாளே, அதற்குப் பிறகும் கடைக்காரர்களை என்னோடு சேர்ந்து திட்டினாளே, அது எனக்காகவா, என் முகம் வாடக் கூடாது என்று என் மகள் ஒரு சாண் உள்ளே தள்ளி அடிக்கக் கற்றுக்கொண்டாளா, நான் இல்லாமல் அவள் சென்னையில் எப்படி இருப்பாள் என்று ராத்திரியெல்லாம் புரண்டேனே, நான் எப்படி இருப்பேன் என்று அவள்தான் யோசித்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு "பாப்பா சொன்னதையே போடுங்கம்மா" என்றேன், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அவள் கேட்டதைக் கடைக்காரரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன், நாகஜோதி தலையை ஆட்டிவிட்டு இருபத்துமூன்று வைத்தாள், மிஷின் முதல் நரம்பை இழுத்துப் பிடித்தது, நாளைக்கு அவள் ஜெயிக்கட்டும், ஆண்டவரே, ஜெயித்துப் போகட்டும்... சட்டைப் பையில் போன் அடித்தது, கிளாஸ் விட்டிருக்கும், அவள்தான். தெரியும் என்று சொல்லிவிடவா, சொன்னால் இந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே, சொல்லாவிட்டால் மறுபடியும் அதே பொய், போனை எடுத்தேன், பின்னால் பஸ் சத்தம், பிள்ளைகள் சத்தம், "அப்பா, சாப்டியா? வேலை ஆயிருச்சா? எத்தனைப்பா போட்டாங்க?" என்றாள், எப்போதும் கேட்கிற அதே கேள்விதான், அந்தக் குரலில் கேள்வியே இல்லை என்பது இன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது, போனைக் காதில் வைத்தபடி நின்றேன், அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை.