நான்கு தெரு தள்ளி விழுந்த இடி

கண்ணாடிக் கடைக்காரர் தன் காரில் போட்ட பாட்டின் இடி, காரில் கேட்காமல், நான்கு தெரு தள்ளியிருந்த அவருடைய அண்ணன் வீட்டில் போய் விழுந்தது. முதல்முறை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. அண்ணன் வீட்டுச் சமையலறையில் அடுக்கியிருந்த தட்டுகள் ஏழு நிமிடம் தும் தும் என்று ஆடின. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உப்பு ஜாடி மேடையின் ஓரம்வரை நகர்ந்து வந்து, விழுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. பக்கத்து வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். சுவரின் இந்தப் பக்கம் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தப் பக்கம் மாட்டியிருந்த காலண்டரின் தாள்கூட அசையவில்லை.

அண்ணனும் தம்பியும் பேசுவதை நிறுத்தி அப்போது ஆறு வருடமாகியிருந்தது. அதற்குக் காரணமும் இதே கார்தான். அண்ணன் கூரை போடுகிறவர். ஓடோ தகரமோ, அவர் கை வைத்த கூரை ஒழுகாது என்று பேர் வாங்கியவர். தம்பிக்குக் கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. கூரை மடங்கும் காரை வாங்கிய கையோடு தம்பி அதை அண்ணன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பொத்தானை அழுத்தி மடித்துக் காட்டினார். பாராட்டுவார் என்று நினைத்திருக்க வேண்டும், பாவம். அண்ணன் தெருவையே பார்த்து, "வாங்கிட்டு வந்திருக்கான் பாரு, மூடி இல்லாத டப்பாவ!" என்றார். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி பன்னிரண்டு முகங்களையும் மனதில் குறித்துக்கொண்டு, "நீயா வந்து பேசுற வரைக்கும் எனக்கு அண்ணனே கிடையாது" என்றார். "நான் வந்து பேசினா என் பேர மாத்திக்கிறேன்" என்றார் அண்ணன். இருவரும் சொன்னபடியே நடந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தக் குடும்பம் படு கெட்டி. வேறு எதிலும் அவ்வளவு கெட்டி என்று சொல்ல முடியாது. அவர்கள் கட்டிக்கொண்டவர்களோ உடன்பிறந்த அக்காவும் தங்கையும். அந்த இருவரும் தினமும் மதியம் போனில் பேசிக்கொண்டார்கள். கணவன்மார்களுக்கு அது தெரியும், தெரியாததுபோல் இருந்துகொண்டார்கள்.

காரில் சப்வூஃபர் என்னும் இடிச்சத்த ஸ்பீக்கர் வைக்கும் எண்ணம் தம்பிக்கு ஆறாவது வருடத்தில்தான் வந்தது. ஸ்பீக்கர்காரர் முதலிலேயே வேண்டாம் என்றார். மூடிய காரில் பேஸ் சத்தம் உள்ளேயே சுற்றி நெஞ்சில் வந்து முட்டும். கூரை திறந்த காரில் அது மேலே கிளம்பிப் போய்விடும், எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. தவிர, மடிந்த கூரை டிக்கியை அடைத்துக்கொள்வதால் பெட்டி வைக்கவும் இடமில்லை. தம்பி விடவில்லை. பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கனத்த பலகையில் இரண்டு பெட்டிகள் அடித்து, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களை அதில் இறக்கினார்கள். ஸ்பீக்கர்காரர் குனிந்து வயர் கொடுத்த அரைமணி நேரமும் தம்பி அவர் தலைமாட்டில் நின்று அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தார். இந்த இடி அவன் வீட்டில் விழ வேண்டும், அவன் தட்டில் விழ வேண்டும், அவன் தலையில் விழ வேண்டும் என்று ஓயவில்லை. இத்தனை வசவையும் காதில் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்குக் கை தடுமாறாதா? வலது பெட்டியில் சிவப்பு வயர் கறுப்பின் இடத்துக்கும் கறுப்பு சிவப்பின் இடத்துக்கும் போய்விட்டன. அப்படிப் போனால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒன்றை ஒன்று தின்றுவிடும், காரில் இடியே கேட்காது. கேட்கவுமில்லை. "வயர் மாறிடுச்சு சார், அஞ்சு நிமிஷ வேலை" என்று ஸ்பீக்கர்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்த நேரத்தில், தம்பிக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டில் தட்டெல்லாம் ஆடுகிறதாம். தம்பி பாட்டை நிறுத்தினார், தட்டும் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி ஆடியது. "வயர்ல கை வெச்சே, கைய உடைச்சிடுவேன்" என்றார் ஸ்பீக்கர்காரரிடம்.

அடுத்த இரண்டு வருடம் அவர் தினமும் பத்தே காலுக்குக் கிளம்பி, தனக்குக் கேட்காத இடியைப் போட்டுக்கொண்டு, இஞ்சி தின்ற முகத்தோடு ஊரைச் சுற்றினார். அண்ணன் தட்டுகளைக் கயிற்றால் கட்டினார், அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார், வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வருட முடிவில் அவருடைய கூரையே ஒழுகத் தொடங்கியது. ஊருக்கெல்லாம் கூரை போட்டவர் தன் கட்டிலுக்குமேல் வாளி கட்டித் தொங்கவிட்டுப் படுத்தார். மனைவி துணிப் பெட்டியை எடுத்து வாசலருகே வைத்தாள். "அடுத்த மழைக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன். ஒரு வார்த்தை பேசினா உங்க வாய் என்ன தேஞ்சா போயிடும்?" அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், பயமாகத்தான் இருந்தது. மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் போய், தம்பி வைத்திருந்த அதே மாதிரிக் காரை, அதே நிறத்தில் வாங்கிவந்தார்.

"அவனுக்கு எப்படிப் போட்டியோ அப்படியே போடு" என்றார் ஸ்பீக்கர்காரரிடம். சரியாகச் செய்த வேலை கையில் நிற்கும், தவறு நிற்காது. எந்தப் பெட்டியில் மாற்றினோம் என்று ஸ்பீக்கர்காரருக்கு ஞாபகமில்லை. குத்துமதிப்பாக இடது பெட்டியில் மாற்றினார். கூரையை மூடினால் இடி வெளியே போகாது என்றும் சொல்லிவிட்டார். ஆகவே கூரைக்காரர் தலைக்குமேல் ஒன்றுமில்லாமல் தெருவில் போக வேண்டியதாயிற்று. அந்தப் பன்னிரண்டு பேரும் வந்து நின்று சிரித்தார்கள். தம்பி கடையில் அன்றே பதினேழு கண்ணாடிகள் விரிசல் விட்டன. மறுவாரம் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பின்பூச்சை இழந்து வெறும் ஜன்னல்களாயின. தம்பி மனைவி வீட்டுக்குள்ளும் செருப்போடு நடந்தாள். பிறகு அவளும் ஒரு பெட்டியை எடுத்து வாசலருகே வைத்தாள். அதற்குப் பிறகும் இருவரும் நிறுத்தவில்லை. முதலில் நிறுத்துகிறவன் தோற்றவன், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

மழை மேகம் கூடிய ஒரு காலையில் இரண்டு பெண்களும் பெட்டியைக் கையில் தூக்கிவிட்டார்கள். இரண்டு ஆண்களும் அந்தக் கோபத்தில் ஒரே நேரத்தில் காரை எடுத்து, அண்ணன் தம்பிகளாகப் பிறந்த தோஷம், ஒரே பாட்டைப் போட்டார்கள். இரண்டு வீட்டிலும் எதுவும் ஆடவில்லை. ஒன்றில் வலது வயர், மற்றதில் இடது வயர் என்று மாறியிருந்ததால், அண்ணன் இடியைத் தம்பி இடி தின்றுவிட்டது. குழாய் சொட்டும் சத்தம்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. அக்காவும் தங்கையும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். வருடக்கணக்கில் ஆண்களுக்கு உறைக்காதது அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் உறைத்தது. மறுநாளிலிருந்து ஒருத்தி இங்கே, "அவர் சரியா பத்தே காலுக்கு மூணாவது பாட்ட போடப்போறாராம்" என்பாள். மற்றவள் அங்கே அதையே சொல்வாள். எதிரிக்கு ஒரு நொடி பிந்தக்கூடாது என்று இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொத்தானில் விரல் வைத்துக் காத்திருப்பார்கள். இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. நாற்சந்தியில் இரண்டு கார்களும் எதிரெதிரே வந்தால் இருவரும் முறைத்துக்கொள்வார்கள், கூரை இல்லாததால் அது நன்றாகவே தெரியும்.

பத்தாவது வருடம் தம்பி கண்ணாடி இறக்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் கார் கொட்டகையிலேயே நின்றது. நான்கு நாள் அண்ணன் பத்தே காலுக்குத் தன் காரில் போய் உட்கார்ந்து, கூரையைத் திறந்து, பாட்டைப் போடாமல் பதினொன்றுவரை இருந்துவிட்டு எழுந்து வந்தார். இப்போது போட்டால் அந்த வீடே தூளாகிவிடுமே, ஏன் போடவில்லை என்று மனைவி ஜாடையாகக் கேட்டாள். "படுத்துக் கிடக்கிறவன அடிக்க நான் என்ன அவனா?" என்று எரிந்து விழுந்தார். அங்கே மாடியில், தன் பாட்டு நின்றும் நான்கு நாளாகக் கடையில் ஒரு கண்ணாடிகூட உடையாததைக் கண்டு தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அந்தாளு உயிரோட இருக்கானா?" என்று மனைவியிடம் கேட்டார். "போய்ப் பாத்துக்கோங்க" என்றாள் அவள். அவர் போகவில்லை. ஐந்தாம் நாள் மாவுக்கட்டுக் காலோடு படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, கொட்டகைக்குப் போய்க் காரில் ஏறிக் கூரையை மடித்தார்.

பத்தே காலுக்கு அண்ணன் வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடி நகர்ந்தது. "என்னங்க, ஜாடி!" என்று மனைவி கத்தினாள். வாசலில் காரில் உட்கார்ந்திருந்தவர், "வந்துட்டான் சனியன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஜாடி நின்றது. அவள் அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கப் போனாள்.