கந்தப்போடி பார்த்த இரண்டாம் பொழுது

என் அப்பா கந்தப்போடியைப் புழுகன் என்று சொன்னவர்களின் வீட்டில் நான் இன்றுவரை தண்ணீர்கூடக் குடித்ததில்லை. என் புருசன் நல்லரத்தினத்துக்கு மட்டும் மூன்று வேளையும் சோறு போட வேண்டியதாயிற்று. அப்பா கட்டித் தந்த வீட்டில் இருந்துகொண்டே ஐம்பது வருசமாக அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற மனுசன்!

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் நம் வாவியில் குண்டு போடும் விமானங்கள் மிதந்து நின்றனவாம். வெள்ளைக்காரர்களைத் தோணியில் கொண்டுபோய் அவற்றில் ஏற்றிவிடுவது அப்பாவின் வேலை. ஒரு நாள் பொழுது பட்ட பிறகு அவரையும் ஏற்றிப் பறந்தார்கள். மேலே போனதும் மறைந்த சூரியன் மறுபடி தெரிந்து, கண் முன்னாலேயே இன்னொரு தரம் பட்டதாம். சாகும்வரை அப்பா இதைச் சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை.

போன மாசம் நாவற்குடாக் கரையில் மிதவை பூட்டிய பழைய விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஓட்டி வந்த வெள்ளைக்காரப் பெடியன், அந்தக் காலத்து விமானி ஒருவரின் பேரன். துடுப்போடு விமானத்தில் ஏறிய தோணிக்காரரின் குடும்பம் எது என்று விசாரித்தான். அப்பாதான்! விமானம் தண்ணீரில் விழுந்தால் துடுப்பு வலித்துக் கரை சேர வேண்டுமே என்று அதைக் கைவிடமாட்டேன் என்றாராம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏறினது சரிதான் கா. ரெண்டு பொழுது புழுகுதானே?" என்றார் இவர்.

"பொறுங்க. நான் ஏறிப் பாத்திட்டு வாறன்."

"இந்த வயசில உனக்கென்ன கிறுக்கா?"

பெடியன் காலையில் ஏற்றுகிறேன் என்றான். பொழுது பட்ட கையோடுதான் ஏறுவேன் என்று மகள் பிரஷாந்தியை விட்டுச் சொல்லி, ஒற்றைக் காலில் நின்றேன். கரையெல்லாம் சனம். வாவிக்கு மேற்கே, படுவான்கரை மரங்களுக்குப் பின்னால் சூரியன் மறைந்தது.

"பட்டுட்டு. வடிவாப் பாத்தீங்கதானே?" என்று கேட்டு, இவரை ஓம் என்று சொல்ல வைத்துவிட்டே ஏறினேன்.

இயந்திரம் உறுமியது. பயந்தேன், ஏன் பொய் சொல்ல? சூரியன் வராவிட்டால் ஊருக்கு முன்னால் அப்பாவை நானே புழுகன் ஆக்கியவளாவேன். வாவி கீழே போனது. மரங்களுக்கு மேலே ஒரு சிவப்புக் கீற்று. அது வளர்ந்தது. முழுச் சூரியன்!

"அப்பா!" என்று கத்தினேன். கலியாண வீட்டில் போடுவதுபோலக் குரவையும் போட்டேன். வாய்க்கு முன்னால் மைக் இருந்ததை யார் நினைத்தது? பெடியனின் காதுக்குள் போன குரவையில் விமானமே ஒரு ஆட்டம் ஆடியது. இயந்திரம் பழுதென்று நினைத்து அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க, நான் சிரித்துச் சிரித்து மேற்கைக் காட்டினேன். இருவரும் பார்த்திருக்கச் சூரியன் இன்னொரு தரம் பட்டது.

இறங்கியதும் பெடியன் இவருக்கு இரண்டு விரலைக் காட்டினான். இவர் திரும்பி இருண்ட மேற்கைப் பார்த்தார்.

அடுத்த நாள் சந்தையில் மீன்காரி சின்னத்தங்கத்தைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் இவருடைய குரல்:

"என்ட மாமா ஆரெண்டு நினைச்சீங்க? ஒரே நாளில மூண்டு தரம் பொழுது படப் பாத்த மனுசன்!"

"புழுகாதீங்க அண்ணன்!" என்றாள் சின்னத்தங்கம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவருக்கு மூக்கு நுனியில் கோபம். நெஞ்சில் அடித்துச் சத்தியம் பண்ணத் தொடங்கினார். இரண்டென்று திருத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். என் அப்பாவுக்காக இவர் ஊரோடு சண்டை பிடிப்பதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.