பின்னால் திரும்பும் அடி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். டிரில் டீச்சர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐம்பத்தைந்தாம் வருஷம் வரைக்கும்.

அந்த வருஷம்தான் திருத்தணி மாதர் சங்கத்தில் ஏழு பெண்களுக்குக் கும்மி சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார்கள். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள். யோசனை அவர்களுக்கு வைத்தியம் பார்த்த லேடி டாக்டருடையது.

"உடம்புல ஒரு நோயும் இல்லைங்க. ஆனா தூக்கம் இல்லை, கைகால் மரத்துப்போவுதுன்றாங்க. மருந்து குடுத்து அலுத்துட்டேன். நீங்க ஆடவச்சிப் பாருங்க" என்றார். நான் சிரித்தேன். கும்மி என்ன கஷாயமா?

ஆனால் கேட்டது. ஒரே மாதத்தில் கௌரியம்மாள் விடியும் வரை தூங்கினேன் என்று வந்து சொன்னாள். மற்றவர்கள் தாளம் தப்பினால் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். ரஞ்சிதம் ஒருத்திதான் வழிக்கு வரவில்லை. வட்டத்தில் நடப்பாள், குனிவாள், கை தட்டுவாள். எட்டாவது அடியில் எல்லோரும் பின்னால் திரும்ப வேண்டும். அங்கே மட்டும் அசையமாட்டாள். முன்னால் போன கௌரியம்மாள் திரும்பி வந்து அவள் மேல் மோதிக்கொள்வாள்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் ஆட வேண்டும் என்று அவர்களே ஆசைப்பட்டார்கள். பத்து நாள்தான் இருந்தது. அன்று ஐந்தாவது தடவையாக ரஞ்சிதம் நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, திரும்பினா கழுத்து சுளுக்கிக்குமா?" என்று கத்தி, அவள் தோள்களைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் திருப்புவது போல ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டேன்.

பின்னால் இருந்தவள் பயந்து விலகிக்கொண்டாள். ரஞ்சிதம் வெறும் தரையைப் பார்த்தாள். அவள் கை முந்தானை நுனியைத் தடவியது.

"இங்கதான் புடிச்சிகினு வந்தா, டீச்சரம்மா."

"யாரு?"

"என் பொண்ணு, பங்காரு. ஆறு வயசு. என் இடுப்புல கைக்குழந்தை, தலையில மூட்டை. இவ பின்னாலயே வந்துகினு இருந்தா. மேட்டுல ஏறிகினு இருந்தப்ப முந்தானை லேசாயிடுச்சி. எனக்குத் தெரிஞ்சிது. திரும்பினா நின்னுடுவேன். நின்னா கூட்டம் போயிடும், இடுப்புல இருக்கறதும் பொழைக்காது. அதான் திரும்பலை."

"கைக்குழந்தை?"

அதை நான் கேட்டிருக்கவே கூடாது.

"நாலாம் நாள் அதுவும் போயிடுச்சி."

தோளைத் திருப்பிய என் கைகளை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. "மன்னிச்சிடும்மா. அந்த அடியே நமக்கு வேணாம். எடுத்துடலாம்" என்று உளறினேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். "இருக்கட்டுங்க. திருப்பிட்டீங்க இல்ல. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

கௌரியம்மாள் வந்து அவள் பக்கத்தில், அவள் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக மற்ற ஐந்து பேரும். அவரவர் விட்டுவந்தது யாரென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

"பங்காரு, வா கண்ணு. அம்மா நின்னுகினு இருக்கேன்" என்றாள் ரஞ்சிதம்.

பதின்மூன்று வருஷம் கழித்துக் கூப்பிடுகிறாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள்.